முத்துமாலைக்காரியின் நியாயம்

இன்னும் கையைப் பிடிக்கவில்லை. பதினாறு எபிசோடில் பதினைந்து முடிந்துவிட்டது, குடைக்காரன் ரொட்டிக்காரியின் கையை ஒழுங்காக ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. ஒன்பதாவதில் பிடித்தான்தான், ஆனால் அவள் கையுறை போட்டிருந்தாள், கையுறையைப் பிடித்ததெல்லாம் பிடித்ததாகாது என்று நான் சொல்ல, "பிடிச்சதுதான்க்கா, அந்தக் குளிர்ல வேற எப்படிப் பிடிப்பான்" என்று ரமீஜா சொல்ல, ஒரு வாரம் இதே ரயிலில் சண்டை. இன்றைக்குத் தீர்ந்துவிடும். இன்றைக்குக் கடைசி எபிசோடு, மத்தியானம் இரண்டு மணிக்குத் தமிழில் வந்துவிட்டது, சனிக்கிழமை எங்கள் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் அரைநாள்தான், ஷட்டரைப் பாதி இறக்கும்போதே நானும் ரமீஜாவும் ஆட்டோவில் ஏறிவிட்டோம், தஞ்சாவூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் நிற்கிறது, ஜன்னலோரம் இரண்டு இடம், ஐம்பத்துநாலு வயசில் நான் இப்படி ஓடி வந்து இடம் பிடித்ததைப் பார்த்து எதிர்சீட்டுப் பெரியவர் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார், இல்லை சார் என்றேன், சிரிப்பை அடக்க முடியவில்லை. என் போன், ஆளுக்கொரு காதில் ஒயர். இந்தக் கொரியா சீரியல் பழக்கத்தை எனக்குத் தொற்றவைத்தவள் ரமீஜாதான், போன வருஷம் மழைக்காலத்தில் ரயில் ஆலக்குடியில் ஒரு மணி நேரம் நின்றபோது, "அக்கா ஒரே ஒரு எபிசோடு, பிடிக்கலன்னா விட்டுடுங்க" என்றாள். கொரியாக்காரர்கள் பேர் எனக்கு நாக்கில் நிற்பதில்லை. முதல் எபிசோடில் குடையோடு வந்ததால் அவன் குடைக்காரன், பேக்கரி வைத்திருப்பதால் அவள் ரொட்டிக்காரி, அவனுடைய அம்மா எந்நேரமும் கழுத்தில் முத்துமாலை, தூங்கும்போதும் கழற்றுவதில்லை, அதனால் முத்துமாலைக்காரி. வாட்ஸப்பில் எங்கள் குரூப்பிலும் இதே பெயர்கள்தான், நான் வைத்த பெயர்கள், நாற்பத்தொரு பேர் அதைத்தான் சொல்கிறார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. குரூப் பெயர் 'அழுமூஞ்சிகள்'.

வண்டி நகர்ந்துவிட்டது, எபிசோடும் ஆரம்பித்துவிட்டது, பனி கொட்டுகிறது, இங்கே ஜன்னல் கம்பி சுடுகிறது. மேலே மேலே மெசேஜ் வந்து விழுகிறது, ரமீஜா விரலால் தள்ளிவிடுகிறாள், நான் ஒரு கண்ணால் படித்துவிடுகிறேன். 'இன்னிக்கு முத்துமாலைக்காரி மாட்டணும், இல்லன்னா நான் சாமி கும்பிடறதையே விட்டுடுவேன்.' 'லிப்ட்ல கேமரா இருக்கு, அதுலதான் மாட்டுவா.' 'டிரைவர் சொல்லிடுவார் பாருங்க, அவர் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது.' 'அவ வீட்டுல ரசம் கொதிக்கும்போது கேஸ் தீர்ந்துபோக.' இதைப் போட்டது தேவகி டீச்சர், புதுக்கோட்டையில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர், நேரில் பார்த்ததில்லை, ஆனால் தினம் காலையில் பூப்படத்தோடு வணக்கம் சொல்கிறவர். கொரியாவில் ரசம் ஏது என்று யாரோ கேட்க, 'அப்ப கிம்ச்சி புளிச்சுப்போக' என்று டீச்சர் மாற்றிப் போட்டிருக்கிறார், அந்த ஊறுகாய் புளித்தால்தான் நல்லது என்று இன்னொருத்தி. ரமீஜா வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தேன், ஆனால் அந்தப் பதினோராவது எபிசோடு மனசைவிட்டுப் போகவில்லை, அதை யாரிடம் சொல்வது. பதினோராவதில்தான் முத்துமாலைக்காரி பேக்கரிக்குத் தனியாக வருவாள், வெளியே காரை நிறுத்திவிட்டு வருவாள், ரொட்டிக்காரி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு "வாங்கம்மா" என்று முகமெல்லாம் சிரிப்பாக நிற்பாள், வந்தவள் உட்காரக்கூட மாட்டாள். தமிழில் யாரோ நல்ல குரல்காரி பேசியிருக்கிறாள், சத்தமே போடாமல், "நீ உண்மையிலேயே என் பையனுக்கு நல்லது நினைச்சா, விலகிப் போயிடு." அன்றைக்கு இதே ரயிலில் இதே ஒயர் காதில், ஒயரைக் காதிலிருந்து உருவிவிட்டேன். வார்த்தைக்கு வார்த்தை. எங்கோ கொரியாவில் யாரோ எழுதி, சென்னையில் யாரோ தமிழாக்கி, யாரோ பேசி, அது என் வாய்க்குள்ளிருந்து எடுத்தது மாதிரி. அன்றைக்கு ராத்திரி குரூப்பே பற்றி எரிந்தது, நான் பேசாமல் இருந்திருக்கலாம், 'அந்தம்மாவுக்கும் ஒரு நியாயம் இருக்கும்ல' என்று போட்டுவிட்டேன். இருபத்தேழு பதில். 'மங்கை மேடம் நீங்களா இப்படி?' 'என்ன நியாயம், சொல்லுங்க கேட்போம்.' கடைசியில் டீச்சர், 'மங்கை, உங்களுக்கும் ஒரே பையன்தானே?' அவ்வளவுதான் கேட்டார், சும்மா கேட்டாரோ என்னவோ, நான் போனைக் கவிழ்த்துவைத்துவிட்டேன்.

ஒரே பையன்தான், நிமலன், முப்பத்தொன்று முடிந்துவிட்டது. அவன் ஆசைப்பட்ட பெண்ணின் பெயர் ஜெனிட்டா. பிசியோதெரபி, திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரி, இரண்டாவது மாடி. இரண்டு வருஷம் ஆகிறது, ஆடி மாசம், முட்டி வலி என்று சொல்லி அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டு போனேன், முட்டி வலி பொய் இல்லை, ஆனால் அதற்காகப் போகவில்லை. திரை போட்ட கட்டில், முட்டியைச் சுற்றி சூடு கொடுக்கிற மெஷின், அது டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்க நிமலன் அம்மாதானே? போட்டோல பார்த்திருக்கேன்." அந்த முகம். ஒரு நிமிஷத்தில் அப்படி ஒரு முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை, என்னைப் பார்த்து யாரும் அப்படி மலர்ந்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். விலகிப் போயிடு. அவள் கை அப்போது என் முட்டியில் இருந்தது, எடுக்கவில்லை, எடுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீங்க வந்தது அவருக்குத் தெரியுமா?" "தெரியாது. தெரியவும் வேணாம்." "சரிம்மா." மெஷின் நிற்க இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது, அந்த எட்டு நிமிஷமும் அவள் அங்கேயே நின்றாள், பேஷண்டை விட்டுப் போகக்கூடாதாம். பிறகு நான் செருப்பு மாட்டும்போது, "படி ஏறும்போது நல்ல காலை முதல்ல வைங்க" என்றாள். இன்றுவரைக்கும் அப்படித்தான் ஏறுகிறேன், ரயிலில், பஸ்ஸில், வீட்டு மாடியில், நல்ல கால் முதலில், ஒவ்வொரு படிக்கும் அவள். "அக்கா, அக்கா, இங்க பாருங்க" என்று ரமீஜா தொடையில் தட்டுகிறாள், குடைக்காரன் பேக்கரி வாசலில் வந்து நிற்கிறான், உள்ளே வெளிச்சம் இருக்கிறது, ரொட்டிக்காரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இவன் கண்ணாடியில் கையை வைக்கிறான், அவளும் உள்ளேயிருந்து அதே இடத்தில் கையை வைக்கிறாள், அடப்பாவி கண்ணாடியா, "நடுவுல கண்ணாடிக்கா, இதுவும் பிடிச்சதாகாதா?" என்கிறாள் ரமீஜா, அவள் கண்ணில் தண்ணீர், எனக்கும், எதிர்சீட்டுப் பெரியவர் பேப்பரை இறக்கிவிட்டு எங்களையே பார்க்கிறார். பூதலூர் வந்துவிட்டது. ரமீஜா வீடு இங்கே. "மங்கைக்கா, முடிவைச் சொல்லிடாதீங்க, சத்தியமா சொல்லிடாதீங்க, வீட்டுக்குப் போய் கதவைச் சாத்திக்கிட்டுப் பார்க்கணும்" என்று ஒரு காது ஒயரை என் மடியில் போட்டுவிட்டு இறங்கி ஓடுகிறாள்.

இப்போது இரண்டு காதிலும் எனக்கே. இரண்டு காதிலும் கேட்டால் குளிர்காற்றுகூடக் கேட்கிறது. முத்துமாலைக்காரி வீட்டில் தனியாகச் சாப்பிடுகிறாள், நீள மேசை, பன்னிரண்டு நாற்காலி, ஒரு தட்டு. எங்கள் வீட்டில் நாலு நாற்காலி, நிமலன் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறான், ஒழுங்காகப் பேசுகிறான், மாத்திரை போட்டியாம்மா என்கிறான், கோபம் இல்லை, ஒன்றும் இல்லை, அதுதான். முன்பெல்லாம் சிரிப்பான். மாடியில் போனில் பேசும்போது ஒரு சிரிப்பு, கீழே துணி காயப்போடும்போது கேட்கும், வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு, அவனுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது, அவன் ஒன்பதாவது படிக்கும்போது அவன் அப்பா போனார், அன்றிலிருந்து நான்தான் அவனுக்கு எல்லாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அந்தச் சிரிப்பு என்னிடம் ஒரு நாளும் வந்ததில்லை. அதுதான் காரணம். வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிறவள், நம்ம ஆட்கள் என்ன சொல்வார்கள், அக்கா தங்கைகள் வாசல் மிதிப்பார்களா, இதெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொண்டது, சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். பையன் சிரிக்கிறான், எனக்குப் பொறுக்கவில்லை என்றால் யார் தலையாட்டுவார்கள்? முத்துமாலைக்காரிக்கும் அந்தஸ்து, கம்பெனி, பரம்பரை என்று ஆயிரம் காரணம் எழுதியிருக்கிறார்கள், நாற்பது பேரும் நம்புகிறார்கள், எனக்கு மட்டும் தெரியும், அவளும் ஏதோ ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு சிரிப்பைக் கேட்டிருப்பாள். அந்தப் புரட்டாசியில் ஒரு நாள் சாப்பிடும்போது தலையைத் தூக்காமல் சொன்னான், "அவ வேணாம்னுட்டாம்மா. காரணம் கேட்டா சொல்ல மாட்டேங்கிறா." நான் என்ன செய்தேன்? ரசம் ஊற்றினேன். "போனா போறா விடுடா, உனக்குன்னு ஒருத்தி பிறக்காமலா இருப்பா" என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன். குத்திய கையே தடவிக்கொடுத்தது. அவன் அழுதான், என் தோளில்தான் அழுதான், எனக்கு, கடவுளே, எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. இந்த இடம் வந்தால் நினைப்பு மேலே போகாது, சேலை முள்வேலியில் மாட்டியது மாதிரி நின்றுவிடும், இழுத்தால் கிழியும்.

கொரியாவில் எப்போதும் யாராவது கேட்டுவிடுகிறார்கள், டிரைவர், செக்ரட்டரி, வாசலில் பூச்செண்டோடு வருகிற தோழி, லிப்ட் கேமரா. அந்த ஆஸ்பத்திரித் திரைக்குள் யாரும் இல்லை, மெஷின் மட்டும்தான். ஜெனிட்டாவும் சொல்லவில்லை. இரண்டு வருஷம், ஒரு வார்த்தை, ஒரு மெசேஜ், 'உங்கம்மா வந்தாங்க' என்று இரண்டே சொல், அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை, தன்மேல் பழியை வாங்கிக்கொண்டு இருந்துவிட்டாள். நான் மாட்டவே மாட்டேன். செத்தாலும் யாருக்கும் தெரியாது, நல்ல அம்மா என்று போட்டோ மாட்டுவான். இது நிம்மதியா, பயமா? அய்யனாபுரம் தாண்டிவிட்டது, வெயிலில் வயல் வெள்ளையாக ஓடுகிறது, இதோ முத்துமாலைக்காரி காரில் ஏறுகிறாள், டிரைவரை இறங்கச் சொல்கிறாள், குரூப்பில் டப டபவென்று விழுகிறது, 'டிரைவர் சொல்லப் போறார்!' 'கேமரா! கேமரா!' அவளே ஓட்டிக்கொண்டு போகிறாள், மகன் ஆபீஸ் வாசலில் நிறுத்துகிறாள், அவன் வந்து பக்கத்தில் உட்காருகிறான், என்னம்மா என்கிறான். அவள் இன்ஜினை அணைக்கிறாள். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, யாருக்கும் தெரியாது, இவள் பேசாமல் இருந்தால் எல்லாம் அப்படியே போய்விடும், என்ன செய்கிறாள் இவள், வாயைத் திறக்கிறாள், ஐயோ திறக்கிறாள், "நான்தான் அவளைப் போகச் சொன்னேன்." நான் "ஆ!" என்று கத்திவிட்டேன். நிஜமாகவே கத்திவிட்டேன், பெரியவர் பதறிப்போய், "என்னம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்க, "சொல்லிட்டா சார், அவளே சொல்லிட்டா" என்கிறேன், "யாரும்மா?" என்கிறார், யார் என்று சொல்வது. எனக்கு இருபது வயது மாதிரி இருக்கிறது. இப்படிக்கூட ஒன்று உண்டா? பதினைந்து எபிசோடாக நாற்பத்தொரு பேர் மூளையைக் கசக்கினோமே, அவள் எப்படி மாட்டுவாள் என்று, அவளே சொல்வாள் என்று ஒருத்திக்காவது தோன்றியதா? அவன் அம்மாவைப் பார்க்கிறான். கார்க் கதவின் கைப்பிடியில் கை வைக்கிறான். திறக்கிறான். இறங்கப்போகிறானா, அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறானா, திறந்த கதவோடு படம் நின்றுவிட்டது. வட்டம் சுற்றுகிறது. சோளகம்பட்டி. இங்கே எப்போதும் சிக்னல் போகும். போனைத் தூக்கிப் பிடிக்கிறேன், ஜன்னலுக்கு வெளியே நீட்டுகிறேன், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தொண்டமான்பட்டியிலும் சுற்றுகிறது. என்ன செய்தான்? என்ன செய்திருப்பான்? நாற்பது பேருக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை, முத்துமாலைக்காரி வாயைத் திறந்தபோது அவளுக்கும் தெரியாதே, தெரியாமல்தானே திறந்தாள். திருவெறும்பூர். நல்ல கால் முதலில் என்பது ஏறுவதற்கு, இறங்கும்போது எந்தக் கால் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும், நான்தான் கேட்காமல் வந்துவிட்டேன்.

நிமலன் ஸ்டேஷன் வாசலில் வேப்பமர நிழலில் பைக்கோடு நிற்கிறான். சனிக்கிழமை அவனுக்கும் அரைநாள். "என்னம்மா, முகமெல்லாம் சிவந்திருக்கு? முடிஞ்சுதா உன் கதை?" கையை நீட்டிப் பையை வாங்கிக்கொள்கிறான். சிக்னல் வந்துவிட்டது போல, என் போன் கைப்பைக்குள் விடாமல் துடிக்கிறது, எடுத்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும் குடைக்காரன் என்ன செய்தான் என்று, எடுக்கவில்லை, எடுத்தால் நான் சொல்ல மாட்டேன், நல்லபடி முடிந்தாலும் சொல்ல மாட்டேன், கெட்டபடி முடிந்தாலும் சொல்ல மாட்டேன், அது எனக்குத் தெரியும். "வண்டியை எடுக்காதே நிமலா." "ஏம்மா?" "ஜெனிட்டாவைப் போகச் சொன்னது நான்தான்." இவ்வளவு சின்ன வாக்கியமா? இரண்டு வருஷமாக மலை மாதிரி இருந்ததே. அவன் சாவியைத் திருப்பப்போன கையை அப்படியே வைத்துக்கொண்டு, "என்ன?" என்றான். "ஆஸ்பத்திரிக்கே போய்ச் சொன்னேன். நீ நல்லா இருக்கணும்னா விலகிப் போன்னு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னும் சொன்னேன்." "என்னைக்கு?" "ஆடி பதினெட்டுக்கு மறுநாள்." அவன் கண் எங்கேயோ போயிற்று, அந்த நாளைத் தேடுகிறான், அடுத்த நாளை, அதற்கடுத்த நாளை, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறான், நான் ஊற்றிய ரசம்வரைக்கும் வந்துவிட்டான், அந்த இடம் வந்ததும் முகத்தில் தெரிந்தது. "நான் அழுதேனேம்மா," என்றான், "உன் மேல சாஞ்சு அழுதேனே." "ஆமாடா." "ஏன்?" மதம் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. "நீ அவகிட்ட சிரிக்கிற மாதிரி என்கிட்ட சிரிச்சதில்லை. எனக்குப் பொறுக்கல." டீக்கடைக்காரர் எங்களைப் பார்க்கிறார், பார்க்கட்டும். திட்டுவான் என்று நின்றேன், விட்டுவிட்டுப் போய்விடுவான் என்று நின்றேன், ஆனால் உள்ளே, எப்படிச் சொல்வது, உள்ளே ஒரு குதூகலம், கட்டிவைத்த மாட்டை அவிழ்த்துவிட்டது மாதிரி. அவன் பைக்கை விட்டு இறங்கினான். "அவ இன்னும் கல்யாணம் பண்ணிக்கல, தெரியுமா உனக்கு? தஞ்சாவூருக்கு மாத்திக்கிட்டுப் போயிட்டா. நீ தினம் போற ஊர்தான்." மரத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் போனைக் காதில் வைத்தான். முதுகு மட்டும் தெரிந்தது. ரிங் போகிற நேரம் அந்த முதுகு அசையவே இல்லை, பிறகு தோள் லேசாக இறங்கியது, எடுத்துவிட்டாள். "நான்தான்," என்றான். பிறகு திரும்பி நடந்து வந்தான், கண் சிவந்திருந்தது, போனை என் பக்கம் நீட்டினான். "நீ சொல்ல வேண்டியது அவகிட்டதான். சொல்லு." போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "ஜெனிட்டா, நான் நிமலனோட அம்மா பேசறேன்." அந்தப் பக்கம் டிக் டிக் என்று ஏதோ மெஷின் ஓடுகிறது. "நான் உன்கிட்ட வந்து சொன்னது தப்பும்மா. அவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், இப்பதான், ஸ்டேஷன் வாசல்ல நின்னு சொல்லிட்டேன்." வைத்துவிடுவாள், வைத்தால் அது நியாயம்தான். "அம்மா," என்றாள், குரல் உடைந்து, சரியாகி, "ஒரு பேஷண்ட் காலைத் தூக்கிப் பிடிச்சிட்டிருக்கேன். இன்னும் இருபது தடவை பாக்கி இருக்கு. வச்சிடாதீங்க." போனை எங்கேயோ பக்கத்தில் வைக்கிற சத்தம். "என்ன சொல்றா?" என்றான் நிமலன். "இருக்கச் சொல்றா," என்றேன், ஸ்பீக்கரை அமுக்கினேன், அவனும் தலையைக் குனிந்து பக்கத்தில் வந்தான். "ஒண்ணு," என்று தூரத்திலிருந்து அவள் குரல், "மெதுவா, ரெண்டு, அப்படித்தான், மூணு."